மத்தியான இலை

"ஈர இலையை உள்ள கொண்டுவந்தது யாருன்னு கேக்கறேன். ஒரே கேள்வி. ஒரே பதில் போதும்."

"நான் உதறிட்டுத்தான்க்கா கொண்டுவந்தேன்."

"உதறினா போதுமா? எதால துடைச்சே?"

"என் முந்தானையால."

"முந்தானையால! அதுல என்ன இருந்துச்சு, கேக்குல ஊத்துற எசென்ஸா? உங்கப்பா கடைன்னு நெனச்சியா இதை?"

"எங்கப்பா கடையை எதுக்கு இழுக்கறீங்க?"

"இழுக்காம? உள்ள போய்ப் பாருடி! பதினாலு வருஷத்துல நான் இப்படி ஒரு நாத்தத்தை இந்தக் கொட்டகையில மோந்ததில்ல."

காலை ஆறரை மணிக்கு இந்தச் சத்தம். தெருவில் மொத்தம் பதினொரு வீடுகள். அவற்றில் ஒன்பது வீடுகளுக்கு அந்த நிமிடமே வாசலில் வேலை வந்துவிட்டது. பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்கினார்கள். காய்ந்த துணியை எடுத்து உதறி அதே கொடியில் மறுபடி போட்டார்கள். மீதி இரண்டில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது, இன்னொன்றில்தான் சண்டையே.

கத்தியவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டுப்புழுக் கொட்டகையின் சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கும். தூங்கும்போதும் அதை எடுப்பதில்லை என்று சொல்வார்கள். யார் போய்ப் பார்த்தார்கள் என்று தெரியாது. அதனால் எதிரில் 'அக்கா' என்றும், அவள் முதுகைத் திருப்பியதும் 'சாவிக்காரி' என்றும் பெயர். திட்டு வாங்கியவள் இளைய மருமகள். பேக்கரிக்காரர் மகள். வாழ்க்கைப்பட்டு வந்து பதினோரு மாதம் ஆகிறது.

சாவிக்காரியின் சட்டதிட்டம் தெருவே அறிந்தது. கொட்டகை வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தட்டு இருக்கும். அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே போட வேறு செருப்பு. தலையில் எண்ணெய் மணம் கூடாது, முகத்தில் பவுடர் கூடாது. ஒருமுறை அவளுடைய புருஷனே சவரம் செய்து வாசனைத் தண்ணீர் தடவிக்கொண்டு வந்து நின்றார். கட்டின புருஷன் என்றும் பார்க்காமல் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அவர் இரண்டு நாள் மல்பெரித் தோட்டத்திலேயே சாப்பிட்டார். கோபத்தால் என்று ஒரு கட்சி, பயத்தால் என்று ஒரு கட்சி.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், இலையில் ஈரம் இருக்கக்கூடாது என்பது. பனி காயும் முன் வெட்டின இலையைப் போட்டால் புழுவுக்கு வயிற்றுப்போக்கு வரும், கொத்துக் கொத்தாகச் சாகும். இலையைக் கையில் வாங்கியதும், எத்தனை மணிக்கு வெட்டினது என்று சொல்லிவிடுவாள். பதினாலு வருடத்தில் இரண்டே தடவைதான் அவளுக்குப் புழு தவறியிருக்கிறது. அந்த இரண்டு தடவையும் அவள் பிரசவத்துக்காகவும் காய்ச்சலுக்காகவும் படுத்திருந்தாள். அதனால் அது கணக்கில் சேராது என்பாள்.

இப்போது நடந்தது கணக்கில் சேருகிற விஷயம்.

புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருந்தன. நாலாவது தோலை உரித்து நாலு நாள். இன்னும் மூன்று நாள் தின்றால் போதும். உடம்பு கண்ணாடி மாதிரி ஆகி, தலையைத் தூக்கிக்கொண்டு கூடு கட்ட இடம் தேடும். இந்த நேரத்தில் அவை தின்கிற தீனி கொஞ்சநஞ்சமில்லை. வண்டி வண்டியாக இலை உள்ளே போகும், வெறும் காம்பு வெளியே வரும். கொட்டகைக்கு வெளியே நின்றாலே அவை கடிக்கும் ஓசை கேட்கும். அன்று விடியலில் அவள் பூட்டைத் திறந்தபோது அது பாதிதான் கேட்டது.

கிழக்குப் பக்க அடுக்கில் ஐந்து தட்டிலும் புழுக்கள் இலைமேலேயே கிடந்தன. நேற்றிரவு போட்ட இலை அப்படியே சுருண்டு கிடந்தது. சில புழுக்கள் தலையை நிமிர்த்தி அப்படியே விறைத்திருந்தன, யாரோ கூப்பிட்டதுபோல. சில வாயிலிருந்து பச்சை நீரைக் கக்கியிருந்தன. தொட்டால் அசைவில்லை. அடித்தட்டில் ஏற்கெனவே செத்தவை பழுப்பேறிக் கொழகொழத்துவிட்டன. மேற்குப் பக்க அடுக்கு மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் தின்றுகொண்டிருந்தது.

நேற்றுக் காலை சாவிக்காரியின் புருஷன் பெரியவருக்கு முதுகுப் பிடிப்பு. அதனால் இலை வெட்டினவள் சின்னவள். வெட்டியபோது மணி எட்டு இருக்கும், பனி முழுக்கக் காய்ந்திருக்காது. சாவிக்காரிக்கு வேறு யோசனையே வரவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். அதற்குப் பிறகு நடந்தது தெருவுக்குத் தெரியும்.

கத்தல் கேட்டு மாமியார் எழுந்து வந்தார். குள்ளமான மனுஷி. குரலும் சின்னது. ஆனால் அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடையதுதான். அதற்கு மேல் யாரும் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் பின்னாலேயே அந்த வீட்டுப் பெண், கல்யாணமாகாத நாத்தனார், வாயில் பல்தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்து நின்றாள். தையல் கடைக்கு வேலைக்குப் போகிறவள். அவள் வாய் வழியாகத்தான் இந்தக் கதையில் பாதி நமக்கு வந்து சேர்ந்தது. தெருவில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது.

மாமியார் கொட்டகை வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பெரியவளே, எல்லாமே போச்சா?"

"கிழக்கு அடுக்கு போச்சு அத்தை. மேற்குப் பக்கம் இன்னும் நிக்குது. ஆனா ஒட்டிக்குமோ என்னமோ."

"யாரு செஞ்சது?"

சாவிக்காரி சமையலறைப் பக்கம் பார்த்தாள். அது போதுமாக இருந்தது.

"சின்னவன் எங்க?"

"தோட்டத்துக்குப் போயிருக்கான்," என்றாள் ரேடியோ, நுரையோடு. "கோஸைப் பாக்க."

இளைய மகனுக்கு முட்டைக்கோஸ்தான் உலகம். பட்டுப்புழுவை அவன் ஒருநாளும் மதித்ததில்லை. "ராத்திரி பகல்னு பாக்காம தின்னுட்டு எச்சில் துப்பற ஜந்துவுக்கு எங்கண்ணி தாலாட்டுப் பாடறாங்க," என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான். பதிலுக்கு அவனை டீக்கடையில் 'கோஸு' என்றே கூப்பிட்டார்கள்.

"வந்ததும் சொல்லு. ரெண்டு மாசம் இவ அப்பா வீட்டுல இருக்கட்டும். அடுத்த புழு முட்டை வாங்கி, கூடு இறக்கினதுக்கப்பறம் பாத்துக்கலாம்."

"அத்தை!" என்றாள் சின்னவள்.

"நான் கத்தலையே. எதுக்கு நீ கத்தறே?"

ரெண்டு மாசம் என்றால் என்ன அர்த்தம் என்று சின்னவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அந்தத் தெருக்கோடி எலக்ட்ரீஷியன் வீட்டு மருமகளும் ரெண்டு மாசத்துக்கென்றுதான் போனாள். ஆறு வருடம் ஆயிற்று. அவள் விட்டுப்போன சைக்கிளை இப்போது வேறு யாரோ ஓட்டுகிறார்கள்.

பத்து மணிக்குப் பட்டு ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்டர் ஸ்கூட்டரில் வந்தார். ஒல்லியான இளைஞர். கையில் மரப்பெட்டி, அதற்குள் மைக்ராஸ்கோப். சாவிக்காரியின் சட்டப்படி காலை நனைத்து, செருப்பு மாற்றி, கையைக் கழுவிவிட்டு உள்ளே போனார். ஐந்து தட்டிலிருந்தும் இரண்டிரண்டு புழுவைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் பெட்டியைத் திறந்தார். வீடே சுற்றி நின்றது. கோஸு தோட்டத்திலிருந்து வந்திருந்தான். பொண்டாட்டியின் பெட்டி வாசலறையில் பாதி கட்டியபடி கிடந்ததைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கதவோரம் நின்றான்.

இன்ஸ்பெக்டர் ஒரு புழுவை நசுக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது.

"ஈர இலையால வந்ததுன்னு சொன்னீங்க, இல்லையா?"

"ஆமா சார்," என்றாள் சாவிக்காரி.

"ஈர இலையில வர்றது வேற. அது மெல்ல மெல்லக் கொல்லும். இது ஒரே ராத்திரியில படுக்க வச்சிருக்கு." கண்ணை எடுக்காமலே கேட்டார்: "பக்கத்துல யாராவது முட்டைக்கோஸ் போட்டிருக்கீங்களா?"

எல்லோரும் கதவோரம் பார்த்தார்கள்.

"நான்தான் சார்," என்றான் கோஸு.

"இலையைச் சல்லடையாக்கற பச்சைப் புழுவுக்கு என்ன அடிச்சீங்க?"

"பொடி சார். விஷமில்ல. கடைக்காரரே சொன்னாரு, இது கிருமி மருந்து, மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது, தேனீக்கு ஒண்ணும் ஆகாது, குழந்தை நக்கினாக்கூட ஒண்ணும் ஆகாதுன்னு. அண்ணி புழு வளக்கறாங்கன்னுதான் கெமிக்கல் வேணாம்னு தேடிப்பிடிச்சு அதை வாங்கினேன்."

இன்ஸ்பெக்டர் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. நல்ல பையனை எப்படித் திட்டுவது என்கிற சங்கடம்.

"கடைக்காரர் சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. உயிருள்ள கிருமியைக் காயவச்சுப் பொடியாக்கி விக்கறாங்க. அந்தக் கிருமி கூடவே ஒரு படிகம் செஞ்சு வச்சுக்கும். வந்து பாருங்க, சின்னச் சின்னக் கட்டமா தெரியுதா? நம்ம வயித்துல புளிப்பு இருக்கு, அது அங்க ஒண்ணும் பண்ணாது, வெளிய போயிடும். இந்த மாதிரிப் புழு வயித்துல சுண்ணாம்பு மாதிரிக் காரம். அந்தக் காரத்துல படிகம் கரையும். கரைஞ்சா குடல்ல ஓட்டை. அப்பறம் வாயைத் திறக்காது."

"அது கோஸுப் புழுவுக்குத்தானே?"

"கோஸுப் புழுவும் வளர்ந்தா அந்துப்பூச்சி, இதுவும் வளர்ந்தா அந்துப்பூச்சி. கிருமிக்கு என்னங்க தெரியும், எது உங்க எதிரி, எது உங்கண்ணி வளக்கறதுன்னு?"

கோஸு சுவரில் சாய்ந்தான்.

சின்னவளுக்கு மட்டும் முகத்தில் லேசாக ஓர் உயிர் வந்தது. "அப்ப ஈர இலை காரணம் இல்லையே சார்?"

இன்ஸ்பெக்டர் "இல்ல" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் மாமியார் கேட்டார்: "முந்தாநாள் சின்னவன்கூட மருந்து அடிக்கப் போனது யாரு?"

கேட்டுவிட்டு அவரே சின்னவள் பக்கம் திரும்பினார்.

"நீதானே தண்ணி எடுத்து ஊத்தினே? அந்தப் புடவையோடதானே மறுநாள் இலை வெட்டப் போனே? முந்தானையால துடைச்சேன்னு உன் வாயாலயே சொன்னியே."

"நான் வேற புடவை கட்டினேன் அத்தை."

"அதை யாரு பாத்தது?"

இன்ஸ்பெக்டருக்கு இந்தப் போக்கு பிடிக்கவில்லை. "புடவையில ஒட்டினது இத்தனை தட்டைச் சாகடிக்காதும்மா. மருந்து நேரா இலையில பட்டிருக்கணும்," என்றார். பிறகு சாவிக்காரியிடம் திரும்பினார். "எந்த அடுக்குக்கு எந்த நேரத்து இலை போட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அவளிடம் அப்படிக் கேட்பது அவமரியாதை. மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"காலையில ரெண்டு பக்கத்துக்கும் முந்தின நாள் சாயங்காலம் வெட்டினது. மத்தியானம் மேற்குப் பக்கத்துக்கு அவர் முதுகைப் பிடிச்சுக்கிட்டே தோட்டத்துலேர்ந்து நேரா கொண்டுவந்தது. கிழக்குப் பக்கத்துக்கு, இவ எட்டு மணிக்கு வெட்டி, இலை அறையில போட்டு வச்சிருந்த…"

அங்கே நின்றாள். ரேடியோவின் சாட்சியப்படி, பேசிக்கொண்டிருந்த அண்ணிக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் இருந்ததாம்; இவள் தண்ணீர் எடுத்துவரப் போனாளாம்.

தொண்டையில் சிக்கியது நேற்று மத்தியானம்.

நேற்று வெயில் மண்டையைப் பிளந்தது. இலை அறையில் குவித்திருந்த இலை பதினொரு மணிக்கே வாடத் தொடங்கிவிட்டது. வாடின இலையைப் புழு தொடாது. சுற்றிப் போர்த்தியிருக்கும் சாக்கை நனைத்து இலையைக் குளிர்ச்சியாக வைப்பாள்; அதற்கென்று கொட்டகையில் ஒரு சின்னத் தெளிப்பான் உண்டு. நேற்றுப் பார்த்து அதன் பம்பு வேலை செய்யவில்லை. தெரு முழுக்க ஈரம் ஆகாது, ஈரம் ஆகாது என்று பதினாலு வருடமாகக் கத்தியவள், சாக்குக்குத் தண்ணீர் தெளிக்க ஒரு ஆளைக் கூப்பிட்டு உதவி கேட்கத் தயங்கினாள். பின்கட்டில் கோஸு முதுகில் மாட்டி மருந்து அடிக்கிற டேங்க் சாய்ந்து கிடந்தது. விஷ மருந்தென்றால் அந்த டேங்கை விரலால்கூடத் தொட்டிருக்க மாட்டாள். ஆனால் குழந்தை நக்கினாலும் ஒன்றும் ஆகாத மருந்து அது என்று கொழுந்தன் மூன்று நாளாக வீடெங்கும் பெருமையடித்திருந்தான். அடியில் மிச்சம் கிடந்ததைக் கவிழ்த்துக் கொட்டினாள். ஒருதடவை அலசினாள். தண்ணீர் நிரப்பிச் சாக்கின்மேல் அடித்தாள். இலை ரொம்ப வாடியிருந்ததால், சாக்கை விலக்கி, இலைமேலேயும் இரண்டு வீச்சு. அப்புறம் விசிறியைப் போட்டு உலர்த்திவிட்டுத்தான் தட்டில் பரப்பினாள். ஈரம் இல்லை. அதை அவள் சத்தியம் செய்து சொல்வாள். ஈரமே இல்லை.

"மத்தியான இலையா?" என்றார் மாமியார். "வெட்டினது யாரு? இவதானே. இதுக்கு மேல என்ன சார் வேணும் உங்களுக்கு?"

இன்ஸ்பெக்டர் சாவிக்காரியைப் பார்த்தார். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளர் காலியான பிறகும் கீழே வைக்கவில்லை.

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். நம்மில் எத்தனை பேர் சொல்லியிருப்போம் என்பது வேறு விஷயம், ஆனால் சொல்லியிருக்கலாம். அவள் டம்ளரை வைத்துவிட்டு, "செத்ததையெல்லாம் உடனே புதைக்கணும். வெயில் ஏறுது," என்றாள். இன்ஸ்பெக்டர் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பியதும், மாமியார் பேக்கரிக்குப் போன் போடச் சொன்னார்.

மல்பெரித் தோட்டத்துக்கு எதிர்மூலையில் பெரியவர் குழி வெட்டினார். முதுகுப் பிடிப்போடு வெட்டினார். சின்னவளை யாரும் கூப்பிடவில்லை. அவளே வந்து தட்டின் ஒரு முனையைப் பிடித்தாள். கிளம்புகிற பெண் எதற்கு வேலை செய்கிறாள் என்று ரேடியோவுக்கு ஆச்சரியம். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இரண்டு மருமகள்களும் பன்னிரண்டு நடை நடந்தார்கள். ஐந்து தட்டுப் புழு, எச்சம், தின்னாத இலை. இருபத்தைந்து நாள் அரிசி மணியிலிருந்து விரல் கனம்வரை வளர்ந்தவை. சில இன்னும் சாகவில்லை. தலை மட்டும் மெல்ல அசைந்தது. சாவிக்காரி அவற்றைத் தனியே பொறுக்கப் பார்த்தாள்.

"அதுவும் போகத்தான்க்கா போகுது," என்றாள் சின்னவள்.

"தெரியும்."

"அப்ப விடுங்க."

சாவிக்காரி கையைத் திறந்தாள். பெரியவர் சுண்ணாம்பைத் தூவினார். குழியிலிருந்து வெள்ளையாகப் புகைந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சின்னவள் ஒரே ஒருமுறை பார்த்தாள், அக்காவை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவள் பார்ப்பதுபோல. சாவிக்காரி மண்ணைத் தள்ளத் தொடங்கினாள்.

நாலரை மணிக்குப் பேக்கரி வண்டி வந்து நின்றது. பக்கவாட்டில் ரொட்டிப் படம் போட்ட வண்டி. பேக்கரிக்காரர் இறங்கினார், புருவத்தில் மாவு. வழக்கம்போல ஒரு அட்டைப்பெட்டி பன்னும் கொண்டுவந்திருந்தார். மகளைத் திருப்பி அழைத்துப்போக வருகிறவர் பன் கொண்டுவருவதா என்று தெருவில் பின்னால் ஒரு விவாதம் நடந்தது. வெறுங்கையோடு வரத் தெரியாத மனுஷன், அவ்வளவுதான்.

"சம்பந்தியம்மா, என் பொண்ணு வேணும்னு செய்யல," என்றார்.

"வேணும்னு செஞ்சான்னு நான் சொல்லலையே. ரெண்டு மாசம் இருக்கட்டும்."

"வேலை தெரியாததுன்னா கத்துக் குடுங்க. மாவு பிசையறதை ஆறு வயசுல கத்துக்கிட்டா. இதையும் கத்துக்குவா."

"கத்துக்கட்டும். அங்க இருந்து கத்துக்கட்டும்."

சின்னவள் பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். கோஸு பின்னாலேயே வந்தான். அவன் கையில் பெட்டி எதுவும் இல்லை, அப்போது.

"அத்தை," என்றாள் சாவிக்காரி.

யாரும் திரும்பவில்லை.

"அத்தை, நான்தான் செஞ்சது."

இப்போது எல்லோரும் திரும்பினார்கள். எதிர்வீட்டு வாசலில் விளக்குமாறு நின்றது.

"சாக்கை நனைக்க தம்பியோட டேங்கை எடுத்தேன். என் பம்பு கெட்டுப்போச்சு. இலைமேலயும் அடிச்சேன். நான்தான். இவ இலையை வெட்டினதோட சரி. இவ மேல ஒரு தப்பும் இல்ல."

அவ்வளவும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்து நின்றாள், அடி விழட்டும் என்பதுபோல.

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண்ணில் நீர் கட்டியது. கிட்டே வந்து மருமகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"பாத்தீங்களா சம்பந்தி? இதுதான் மருமக. பதினாலு வருஷம் ஒரு சொட்டுத் தண்ணிய இலைகிட்ட வரவிடாதவ. உங்க பொண்ணுக்காகப் பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறா."

"இல்ல அத்தை, நிஜமா…"

"போதும்டி. உன் மனசு எனக்குத் தெரியாதா? நீ இலைமேல தண்ணி அடிச்சேன்னு நான் நம்பணுமா? இந்தத் தெருவுல ஒருத்தராவது நம்புவாங்களா? கேட்டுப் பாரு."

கேட்கவேண்டிய அவசியமே இல்லை. நாங்கள் யாரும் நம்பவில்லை. நம்பாதது மட்டுமல்ல, எதிர்வீட்டில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க சொல்றது உண்மைதான் அத்தை," என்றாள் சின்னவள். "நான் பாத்தேன். நேத்து மத்தியானம் பின்கட்டுல, டேங்கை முதுகுல மாட்டிக்கிட்டு நின்னாங்க."

மாமியார் நிதானமாக அவள் பக்கம் திரும்பினார்.

"அவ ஏத்துக்கிட்டதும் சட்டுனு பிடிச்சுக்கிட்டே பாத்தியா. காலையிலேர்ந்து இதைப் பாத்தவளுக்கு, காலையில வாய் எங்க போச்சு?"

பேக்கரிக்காரர் மகளின் கையிலிருந்த பெட்டியை வாங்கி வண்டியில் வைத்தார். காலையில் ரெண்டு மாசம் என்று போகவேண்டியவள், இப்போது பொய் சொன்னவள் என்றும் ஆகிப் போனாள்.

வண்டிக் கதவருகே சாவிக்காரி அவள் கையைப் பிடித்தாள். ரேடியோ பன் பெட்டியை உள்ளே வைக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதால் இது நமக்குக் கிடைத்தது.

"காலையிலயே சொல்லியிருக்கலாமேடி."

"என் வார்த்தையும் உங்க வார்த்தையும் இந்த வீட்டுல ஒண்ணாக்கா?"

"இல்ல."

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். இன்ஸ்பெக்டர் கேட்டப்ப நின்னீங்க பாருங்க, இப்ப சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். குழிகிட்ட நெனச்சேன்."

"சொல்லிட்டேனே."

"அப்ப சொல்லியிருந்தா அந்த மைக்ராஸ்கோப்புக்காரர் இருந்தாரு. அவர் அந்த டேங்கைப் பாத்திருப்பாரு. தப்பு நடந்துடுச்சுன்னு அதோட முடிஞ்சிருக்கும்." சின்னவள் கையை விடுவித்துக்கொண்டாள், கோபமாக இல்லை, ரொம்பக் கவனமாக. "இப்ப எங்க வீட்டுக்காரர் மத்தியானமே டேங்கைக் கழுவிட்டாரு. நாலு தடவை. பாவம், தன்னாலதான்னு நெனச்சு."

கோஸு அதைக் கேட்டான். கேட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தான். அவன் என்ன கண்டானோ, நேரே உள்ளே போய் ஒரு பையில் நாலு சட்டையைத் திணித்துக்கொண்டு வந்து வண்டியின் பின்பக்கம் காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தான். அம்மா கூப்பிட்டார். சின்னக் குரலில்தான் கூப்பிட்டார், வழக்கம்போல. முதல்முறையாக அந்தக் குரலுக்குப் பலன் இல்லை.

மேற்கு அடுக்குப் புழு பிழைத்தது. மூன்று நாளில் கூடு கட்டியது. நல்ல கெட்டிக் கூடு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவள் நல்ல மனசுக்குக் கிடைத்தது என்றார்கள். அவள் ஒவ்வொருத்தரிடமும், "இல்லீங்க, நான்தான் டேங்கை எடுத்தேன்," என்று சொன்னாள். சொல்லச் சொல்லப் பெருமைதான் ஏறியது. மார்க்கெட் வரைக்கும் பேர் போயிற்று. கூட்டுக்குடும்பத்தில் மருமகள் எப்படி இருக்கவேண்டும் என்று மற்ற வீடுகளில் அவளைக் காட்டிப் பேசினார்கள். அதனால் அவளை மனதாரத் திட்டிய மருமகள்களும் தெருவில் உண்டு. ஆனால் தப்பான காரணத்துக்கு.

பெரியவர் மட்டும் அவளைப் புகழவில்லை. அடுத்த வாரம் கொட்டகையிலிருந்த சின்னத் தெளிப்பானைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பம்பைச் சரிசெய்து கொண்டுவந்து வைத்தார். அன்று அவள் ரொம்ப நேரம் இலை அறையிலேயே இருந்தாள்.

கோஸு மாமனாரோடு சேர்ந்து மாவு பிசையக் கற்றுக்கொண்டான். இரண்டு வருடத்தில் வேறு ஊரில் தனிக் கடை போட்டு அங்கேயே போய்விட்டார்கள். இரட்டைப் பெண் குழந்தைகள். அவன் போட்ட கோஸ் நிலத்தில் பெரியவர் எதுவும் போடவில்லை. ரேடியோ அந்த மைக்ராஸ்கோப் இன்ஸ்பெக்டரையே கல்யாணம் பண்ணிக்கொண்டாள்; தண்ணீர் எடுத்துவர அன்று ஓடிய ஓட்டத்தில் ஆரம்பித்தது என்கிறார்கள். கல்யாணத்துக்குச் சின்னவள் வந்தாள். சாவிக்காரி பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். குழந்தைகளைப் பற்றிப் பேசினார்கள், அடுப்பைப் பற்றிப் பேசினார்கள். ஊருக்கு வாங்க என்று அவள் கூப்பிடவில்லை. இவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

மாமியார் போய்ச்சேர்ந்த பிறகு பெரியவரும் சாவிக்காரியும் கொட்டகையை இன்னொருவருக்கு விட்டுவிட்டு, மகன் வேலை பார்க்கும் நகரத்துக்குக் குடிபோனார்கள். மூன்றாவது மாடி. எதிர்வீட்டில் ஒரு நர்ஸ். அவளுக்கு இந்தத் தெருவும் தெரியாது, பதினாலு வருடமும் தெரியாது. ரேடியோ முன்பு வேலை பார்த்த தையல் கடைக்காரிக்கு அவள் ஒன்றுவிட்ட தங்கை. அதனால்தான் இது வந்து சேர்ந்தது. ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது சாவிக்காரி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். டேங்க், இலை, காலி டம்ளர், வாசல்.

நர்ஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அடிப்பாவி! ஒரு நாள் முழுக்க வாயை மூடிட்டு இருந்து அந்தப் பொண்ணைத் தெருவுல நிறுத்திட்டியே," என்றாளாம்.

சாவிக்காரி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு," என்றாளாம்.